காய்ந்த காஞ்சொறி

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு, கையில் டீ டம்ளரோடு, காற்புள்ளி தன் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு ஒன்றை எடுத்தார். நாளைக் காலையிலிருந்து தனக்கு வலது முட்டி வலிக்க வேண்டும்.

சாதாரண வலி போதாது. நடக்க விடாத வலி. மனைவியை ஊருக்குப் போக விடாத வலி.

காற்புள்ளி என்பது அச்சகத்தில் வைத்த பெயர். அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறார். இதுவரை அவர் கையைத் தாண்டி ஒரு பிழை அச்சேறியதில்லை. எழுத்தில் இவ்வளவு கெட்டிக்காரர் பேச்சில் மட்டும் தடுக்கித் தடுக்கி நடப்பார். டீ வேண்டுமா என்று கேட்டால், "வேணும், ஆனா, சூடா இருந்தா, அதாவது, ரொம்ப சூடா இல்லாம" என்பார். அதற்குள் டீ ஆறிவிடும். அவருடைய மனைவிக்கும் அச்சகத்தார் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: முற்றுப்புள்ளி. அந்த அம்மாளை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் காற்புள்ளி போனில் அரை மணி நேரமாக ஏதோ விளக்கிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும். இவர் போனை வைத்துவிடுவார்.

அந்த முற்றுப்புள்ளி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். வியாழக்கிழமை ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"புது மெஷின் வருதுங்க. பயிற்சிக்கு என்னத்தான் அனுப்பறாங்க. புதன்கிழமை காலைல பஸ். முடிச்சுட்டு வந்தா லேபுக்கே நான்தான் பொறுப்பு."

"அப்படியா, ரொம்ப, சந்தோஷம். எத்தன நாள்?"

"ஆறு வாரம்."

"ஆறு, வாரமா?"

"நாப்பத்திரண்டு நாள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள சம்மதம் சொல்லணும்."

காற்புள்ளி மனசுக்குள் கணக்குப் போட்டார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் இரண்டு நாளுக்கு மேல் அவளைப் பிரிந்து இருந்ததில்லை. மகளும் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பாடு பெரிய விஷயமில்லை, முட்டையைத் தானே கருக்கிக்கொள்ள அவருக்குத் தெரியும். விஷயம் வேறு. தினமும் சாயங்காலம் அவர் அன்றைக்குப் பிடித்த பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். அடுப்படியிலிருந்து அவள், காதில் வாங்குகிறாளோ இல்லையோ, "ம்" என்பாள். அந்த "ம்" இல்லாமல் நாற்பத்திரண்டு சாயங்காலம்! நினைக்கவே பயமாக இருந்தது.

"போகாதே" என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்த வாய்ப்புக்காக அவள் பதினைந்து வருஷம் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் போய்விட்டு வந்துவிட்டார்கள். அப்படிச் சொல்லும் அளவுக்குத் தான் மோசமானவனில்லை என்று காற்புள்ளி நம்பினார். ஆகவே அவர் சொல்ல மாட்டார். முட்டி சொல்லும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முட்டி சொல்லத் தொடங்கியது.

"ஐயோ, அம்மா!"

"என்னங்க?"

"முட்டி! கால, நீட்டவே முடியல!"

"எந்த முட்டி?"

காற்புள்ளி ஒரு விநாடி யோசித்தார். "வலது."

"எங்க விழுந்தீங்க?"

"விழலம்மா. அதுவா, வந்துடுச்சு. நீ என்னப் பத்திக் கவலப்படாதே. நீ பாட்டுக்கு, ஊருக்குக் கிளம்பு. நான் தவழ்ந்து, தவழ்ந்து போயாவது தண்ணி குடிச்சுக்கறேன்."

"சரி" என்றாள் அவள்.

இந்த "சரி" திட்டத்தில் இல்லை. காற்புள்ளி அவசரமாக இன்னும் இரண்டு முறை முனகினார். அவள் கட்டிலில் உட்கார்ந்து முட்டியை அமுக்கினாள், மடக்கினாள், நீட்டினாள். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரே அளவில் அலறினார்.

"வீக்கமே இல்லையே."

"உள்வீக்கம்."

"சரி, ஒண்ணு பண்ணலாம். திங்கட்கிழமைக்குள்ள சரியானா நான் போறேன். சரியாகலைன்னா போகல."

காற்புள்ளிக்கு உச்சி குளிர்ந்தது. இன்னும் மூன்றே நாள். மூன்று நாள் முனக முடியாதா ஒரு மனுஷனால்?

அந்த நேரம் பார்த்துத்தான் சாப்பாட்டு மேஜையில் கிடந்த புரூஃப் கட்டு அவள் கண்ணில் பட்டது. ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் எழுதிய புத்தகம். பெயர், 'காஞ்சொறி: வேதியியலும் மருத்துவமும்'. தொட்டால் தீயாக எரிக்கும் அந்தச் செடியைப் பற்றி மனிதர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இரும்புச்சத்துக்கு ஓர் அத்தியாயம், சிறுநீர் பெருக்குவதற்கு ஓர் அத்தியாயம், ஐம்பது தாண்டிய ஆண்களின் தொல்லைக்கு வேரைப் பற்றி ஓர் அத்தியாயம். காற்புள்ளி செவ்வாய்க்கிழமையே முழுவதையும் பார்த்து முடித்து, பக்கத்துக்குப் பக்கம் அடியில் 'கா.' என்று சுருக்கொப்பமும் தேதியும் போட்டு வைத்திருந்தார். கடைசியாக ஒரு தடவை புரட்டிவிட்டுத் திங்கட்கிழமை கொடுப்பதாக ஏற்பாடு.

அவள் நின்றபடியே பொருளடக்கத்தில் விரலை ஓட்டினாள்.

"மூட்டுவலி, பக்கம் நாப்பத்தேழு. ஏங்க, காஞ்சொறிக் கொத்தால முட்டி மேல அடிக்கணுமாமே!"

"யார, யார?"

"வலிக்கிற ஆளத்தான். ஐயோ, பஸ் போயிடும். சாயங்காலம் வந்து முழுசாப் படிக்கிறேன். நீங்க அசையாதீங்க."

கதவு சாத்திய சத்தம் கேட்டதும் காற்புள்ளி கட்டிலிலிருந்து ஒரே தாவலில் மேஜைக்குப் போனார். நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்தார். அவரே பார்த்துத் திருத்திய பக்கம்தான். அன்றைக்கு எழுத்தைப் பார்த்தார், இன்றைக்குத்தான் பொருளைப் பார்த்தார்.

'பச்சை இலைக் கொத்தை எடுத்து, வலியுள்ள மூட்டின் மேல் தோல் சிவக்கும் வரை தட்டுவது பழைய முறை. எரிச்சல் பல மணி நேரம் நீடிக்கும். இதனால் சிலருக்கு வலி குறைந்ததாகச் சிறு ஆய்வுகள் கூறினும், உறுதியாகச் சொல்லப் பெரிய ஆய்வுகள் தேவை.'

பல மணி நேரம்! காற்புள்ளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊசியைக் கண்டாலே வெலவெலத்துப்போகும் உடம்பு அவருடையது. உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் புதன்கிழமை பஸ். சொல்லாவிட்டால் தீ மாதிரி இலை. அறைக்குள் பத்துத் தடவை நடந்தார். பதினோராவது தடவையில், செவ்வாய்க்கிழமை படித்த இன்னொரு வரி நினைவுக்கு வந்தது. 'வாடிக் காய்ந்தாலும், நீரில் வெந்தாலும், இலை கொட்டும் தன்மையை இழக்கும்.'

காற்புள்ளி சிவப்புப் பேனாவை எடுத்தார்.

இருபத்திரண்டு வருஷமாகப் பிழையை எடுத்த பேனா அது, போட்ட பேனா இல்லை. கண்ணை மூடிக்கொண்டு 'பச்சை' என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டார். ஓரத்தில் 'காய்ந்த' என்று அழகாக எழுதினார். புத்தகம் கெட்டுவிடாது, திங்கட்கிழமை காலையில் பழையபடி ஆக்கிவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். பேனாவை மூடும் முன் கை தானாக ஒரு வேலை செய்தது. அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். கைகூடக் கழுவாமல் பக்கத்தைப் படித்தாள்.

"இங்க ஏதோ அடிச்சு எழுதியிருக்கே?"

"அது, டைப் பண்ணவன் தப்பு. நான், திருத்தியிருக்கேன்."

"அப்ப காஞ்ச இலைதானா?"

"காஞ்ச இலைதான். அதான், நல்லாக் காஞ்சது."

அவள் பக்கத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "நீங்க திருத்தினா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

காற்புள்ளிக்கு எங்கேயோ சுருக்கென்றது. முட்டியில் இல்லை.

சலவைக் கடைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் காஞ்சொறி மண்டிக் கிடந்தது. லேப் கையுறையை மாட்டிக்கொண்டு போய் ஒரு பை நிறையப் பறித்து வந்தாள். ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு கொத்தாகப் பரப்பினாள். காற்புள்ளி நாற்காலியில் காலை நீட்டி, அவ்வப்போது ஞாபகம் வந்து முனகிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இந்தப் பொடி முடிதான் கொட்டுதா?"

வேறு எதற்கும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் படித்ததைச் சொல்லாவிட்டால் காற்புள்ளிக்குத் தலை வெடித்துவிடும்.

"முடின்னு சொல்லாதே. அது ஊசி. உள்ள, வெறும் குழாய். நுனி சிலிக்கா, கண்ணாடி செய்யற சரக்கு. கை பட்டதும் நுனி உடையும். உடைஞ்ச முனை தோலுக்குள்ள போகும். அடியில ஒரு பை இருக்கு. அதுல இருக்கறது, அப்படியே உள்ள இறங்கும்."

"பைல என்ன இருக்கு?"

"ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின், செரட்டோனின். கொஞ்சம் ஃபார்மிக் அமிலம், எறும்புகிட்ட இருக்கறது. முன்னெல்லாம் பழி மொத்தத்தையும் அந்த எறும்பு அமிலத்து மேலயே போட்டாங்க. ஆனா அது, ரொம்பக் கம்மியாம்."

"அப்ப இதுவும் நம்ம தொழில்தான். நான் ஊசி குத்தி எடுக்கறேன், இது ஊசி குத்திக் குடுக்குது." ஒரு கொத்தைத் திருப்பிப் போட்டாள். "ஆமா, காஞ்சுபோனா அந்தச் சரக்கெல்லாம் என்னாகும்?"

காற்புள்ளி திருதிருவென்று விழித்தார்.

"காஞ்சா, சுண்டும். சுண்டினா, கெட்டியாகும். கெட்டியானா, வீரியம் ஜாஸ்தி."

"ம்" என்றாள் அவள்.

அந்த "ம்"முக்காகத்தான் இந்தப் பாடு என்று நினைத்துக்கொண்டார் காற்புள்ளி. இருந்தாலும் அன்றைய "ம்" வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்ததுபோல் பட்டது.

சனிக்கிழமை பகல் முழுக்க இலை வெயிலில் காய்ந்தது. சாயங்காலம் முதல் சிகிச்சை. அவள் கையுறை மாட்டினாள். அவர் வேட்டியை முட்டிக்கு மேல் சுருட்டி, கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்தார்.

"ஐயோ! அம்மா! எரியுதே! செத்தேன்!"

"இன்னும் படவே இல்லீங்க."

"காத்து, பட்டுது!"

"லேபுக்கும் இப்படித்தான் தினம் பத்துப் பேர் வருவாங்க. ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடியே கத்துவாங்க" என்றபடி அவள் தட்டத் தொடங்கினாள்.

காய்ந்த சருகு முட்டி மேல் சரசரவென்று உதிர்ந்தது. கூச்சமாக இருந்தது. சிரிப்புகூட வந்தது. சிரிப்பை மறைக்கக் காற்புள்ளி இன்னும் உரக்க அலறினார். அலற அலற அவருக்கே அது பிடித்துப்போனது. வலியே இல்லாமல் இவ்வளவு கவனிப்பு கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் இருபது வருஷம் முன்பே முட்டியை இழந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சிகிச்சையின்போது சத்தம் மாடி வரை போய்விட்டது. மாடி வீட்டம்மா படபடவென்று இறங்கி வந்தாள். செடி விற்கும் நர்சரியில் வேலை பார்ப்பவள். உள்ளே வந்தவள் தரையில் சிதறிய சருகைக் குனிந்து எடுத்தாள்.

"இது காஞ்சொறியாச்சே! ஏங்க, காஞ்சொறி காஞ்சா சொறி..."

"ஐயோ! முட்டி! முட்டி! உயிர் போகுதே!"

"இப்ப நான் தொடவே இல்லையே" என்றாள் மனைவி. "நீங்க சொல்லுங்கக்கா. காஞ்சா என்ன?"

"இல்லம்மா, காஞ்சா அது..."

"தண்ணி! மாடி வீட்டம்மா, ஓடிப்போய், உங்க வீட்டு ஐஸ் தண்ணி! எங்க வீட்டுத் தண்ணி, ஒத்துக்காது!"

அந்த அம்மாள் பயந்துபோய் மாடிக்கு ஓடினாள். காற்புள்ளிக்கு வேர்த்துக் கொட்டியது. மனைவி துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டாள். "பாவம், நிஜமாவே வேர்க்குது" என்றாள்.

தண்ணீர் வந்தது. குடித்து முடிப்பதற்குள் போனும் வந்தது. அச்சகத்து போர்மேன்.

"காற்புள்ளி சார், காஞ்சொறிப் புத்தகம் நாளைக்குப் பத்து மணிக்கு மெஷின்ல ஏறுது. கட்டு காலைல என் கைக்கு வந்துடணும். திருத்தம் ஒண்ணும் பாக்கி இல்லையே?"

"பாக்கி, இல்ல. அதாவது, ஒண்ணே ஒண்ணு. அது, இருக்கு. ஆனா, இல்ல."

போனை வைத்ததும் நிஜமான பயம் பிடித்துக்கொண்டது. மற்ற பக்கமெல்லாம் கட்டில் இருந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தை மட்டும் அவள் துணிக்கிளிப் போட்டு அடுப்படி அலமாரியில் மாட்டி வைத்திருந்தாள். அது அப்படியே மெஷினில் ஏறினால்? பேராசிரியர் வாழ்நாள் முழுக்க உழைத்த புத்தகம். அதை நம்பி எங்கெங்கோ இருக்கும் முட்டிகள் காய்ந்த சருகால் தட்டிக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று உட்கார்ந்திருக்கும். இருபத்திரண்டு வருஷப் பெயர் ஒரே சொல்லில் போய்விடும். இதை நினைத்து மத்தியானச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

"ஏம்மா, அந்த நாப்பத்தேழு, குடேன். ஆபீஸ்ல, கேக்கறாங்க."

"சிகிச்சை முடியட்டும்."

"எனக்கு, கொஞ்சம் தேவலாம் போல இருக்கு."

சொன்ன பிறகுதான் தெரிந்தது. தேவலாம் என்றால் அவள் போய்விடுவாள். "அதாவது, அந்தத் தேவல இல்ல, இது வேற தேவல" என்று குளறினார்.

"எதுவா இருந்தாலும் நாளைக்குக் காலைல பாக்கலாம்" என்று முற்றுப்புள்ளி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் காற்புள்ளி பூனை நடை நடந்து அடுப்படிக்குப் போனார். பக்கத்தை எடுத்து, 'பச்சை'யைத் திரும்பக் கொண்டுவந்து, ஓடிப்போய்ப் படுத்துக்கொள்ள ஒரே நிமிஷம் போதும். அலமாரியில் துணிக்கிளிப் மட்டும் தொங்கியது.

"இதையா தேடறீங்க?"

மனைவி பின்கட்டு வாசலில் நின்றாள். குளியலறையில் குழாய் சும்மாதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் கையுறை, இடது கையில் பக்கம். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"நடந்தே வந்துட்டீங்களே."

"நடக்கலம்மா, நொண்டி..." என்று தொடங்கிய காற்புள்ளிக்கு எந்தக் காலை நொண்டுவதென்று மறந்துபோனது. இடதைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள். "படிங்க."

காற்புள்ளி படித்தார். அவர் கோடு போட்டு அடித்திருந்த 'பச்சை'க்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வைக்கப்பட்டிருந்தன. அடித்த சொல்லுக்கு அடியில் புள்ளி வைத்தால், அடித்தது தப்பு, பழையபடியே இருக்கட்டும் என்று அர்த்தம். புரூஃப் பார்ப்பவர்களின் குறி அது. இருபத்திரண்டு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கியவளுக்கு அது தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அழுத்தமாக ஒரே ஒரு முற்றுப்புள்ளி.

"இது, எப்படி, உனக்கு..."

"கீழ பாருங்க. பக்கத்தப் பாத்து முடிச்சதுன்னு 'கா.', செவ்வாய்க்கிழமை தேதி. ஓரத்துல திருத்தம் பண்ண இடத்துல இன்னொரு 'கா.', வெள்ளிக்கிழமை தேதி. செவ்வாய்க்கிழமை நீங்க பாத்த பக்கத்துல வெள்ளிக்கிழமை ஒரு தப்பு கிடைக்குமா? உங்க முட்டிய நம்பினாலும் நம்புவேன், இத நம்ப மாட்டேன்."

காற்புள்ளி பார்த்தார். பொய்த் திருத்தத்துக்குப் பக்கத்தில், ஒழுங்காக, சுத்தமாக, ஒப்பமும் தேதியும். பேனாவை மூடும் முன் கை தானாகச் செய்த வேலை அதுதான். களவு செய்துவிட்டு விலாசம் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"வெள்ளிக்கிழமையே, தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சனி, ஞாயிறெல்லாம், அடிச்சது?"

"அது என் சந்தோஷத்துக்கு. இப்ப பக்கம் சரியாயிடுச்சு. பக்கத்துல போட்டிருக்கறபடி செய்யணும்ல?" என்று சொல்லி வலது கையை முன்னால் கொண்டுவந்தாள். பச்சைப் பசேலென்று, அப்போதுதான் பறித்த கொத்து.

காற்புள்ளி பதறிப்போனார். மணி வேறு ஓடிக்கொண்டிருந்தது. கட்டு போக வேண்டும், பக்கம் வேண்டும். பாய்ந்து பக்கத்தைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் மறு கை கொத்தை அப்படியே அள்ளிப் பிடித்தது.

சத்தமே இல்லை.

காற்புள்ளியின் வாய் திறந்திருந்தது. கண்ணில் நீர் முட்டி நின்றது. ஐந்து விரலும் தணலில் வைத்ததுபோல் எரிந்தன. பேராசிரியர் எழுதியது ஒன்றும் மிகையில்லை என்று மட்டும் மனசுக்குள் தோன்றியது.

கொத்து கீழே விழுந்த அடுத்த நொடி அவள் முகம் மாறிவிட்டது. அவரை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள்.

"தேய்க்காதீங்க! தேய்ச்சா முள்ளு இன்னும் உள்ள போகும். அப்படியே தண்ணில பிடிங்க." சோப்புப் போட்டு மெல்லக் கழுவினாள். லேபில் ஒட்டும் பிளாஸ்திரியை விரல் விரலாக ஒட்டி ஒட்டி எடுத்தாள். "ரொம்ப வலிக்குதா?"

காற்புள்ளி இல்லை என்று தலையாட்டினார்.

"பொய். நிஜமா வலிக்கறவங்க சத்தம் போட மாட்டாங்க. லேபுல நான் பயப்படறது கத்தறவங்களப் பாத்து இல்ல, வாயே திறக்காதவங்களப் பாத்துத்தான். நான் ஏமாந்து உங்க கைய எரிய விட்டுட்டேனே. சும்மா பயமுறுத்தத்தான் கொண்டுவந்தேன்."

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலெல்லாம் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் எழும்பியிருந்தன. காற்புள்ளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழையபடியே இருக்கட்டும் என்று யாரோ தன் கையில் குறி போட்டதுபோல் இருந்தது.

"ஒத்தையா இருக்க, பயமா இருந்துச்சும்மா" என்றார். இந்த வாக்கியத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றார்.

"அத நேராச் சொல்லியிருக்கலாமே. 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை."

"சொல்லியிருந்தா, நின்னிருப்பியா?"

"போயிருப்பேன். ஆனா உங்க முட்டிக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது."

"அப்ப, சாயங்காலம் சம்மதம் சொல்லப் போறியா?"

"வெள்ளிக்கிழமை லேபுக்குப் போனதும் முதல் வேலையா சொல்லிட்டேன். கிளம்புங்க, உங்க போர்மேன் காத்துட்டிருப்பார்."

நாற்பத்தேழாம் பக்கம் பச்சையாகவே மெஷினில் ஏறியது.

புதன்கிழமை காலை. இரண்டு பெட்டியையும் காற்புள்ளிதான் தூக்கினார். முட்டி ஒரு குறையும் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் அவள் விவரமாகப் பேசிக்கொண்டே வந்தாள்: கேஸ் மூடுவது, பால் பாக்கெட், மகளுக்கு ஞாயிறு போன். அவர் எதற்கும் பதில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. பெட்டியை ஏற்றினார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். நின்றார்.

பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?"

காற்புள்ளி சும்மா நின்றார்.

அவள் காலைக் கீழே இறக்கினாள். முகத்தில் கவலை வந்துவிட்டது. "ஏங்க? ஏதாவது பேசுங்களேன். இப்படி இருந்தா நான் எப்படிப் போவேன்?"

கண்டக்டர் விசில் அடித்தார். அந்த நேரத்தில் காற்புள்ளிக்குப் பளிச்சென்று புரிந்தது. முட்டி வேண்டாம், இலை வேண்டாம், சிவப்புப் பேனா வேண்டாம். இன்னும் அரை நிமிஷம் இப்படியே வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இவள் பெட்டியை இறக்கச் சொல்லிவிடுவாள். நான்கு நாளாகத் தலைகீழாக நின்று தேடியது கைக்கு எட்டும் தூரத்தில், இலவசமாகக் கிடக்கிறது.

அவர் மனைவியைப் பார்த்தார். பதினைந்து வருஷம் காத்திருந்தவள், ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ! அம்மா! முட்டி! முட்டி போச்சே!" என்று பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி காற்புள்ளி அலறினார்.

அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப ஒண்ணுமில்ல" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். பஸ் திரும்பும் வரை அவர் விடாமல் அலறினார். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது காற்புள்ளிக்கு நெஞ்சு வலித்தாலும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயம் தன் முடிவுப்படி நடந்திருக்கிறது. அவளைப் போகவிட்டது தான்தான். அவளுக்கு அது தெரியவே தெரியாது. ஒருநாள், நாற்பத்திரண்டு நாள் கழித்து, நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அடுப்படி அலமாரியில், நாற்பத்தேழாம் பக்கம் தொங்கிய அதே துணிக்கிளிப்பில், ஒரு முழு நீளத் தாள் தொங்கியது. அவள் கையெழுத்து. கேஸை இரண்டு தடவை பார்க்கவும். முட்டையைக் கருக்க வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்வேன், அன்றைக்குப் பிடித்த பிழைகளைச் சொல்லவும், "ம்" சொல்கிறேன்.

காற்புள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கம் விடாமல், எங்கேயாவது பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே கீழே வந்தார். ஒன்றுகூட இல்லை. கடைசி வரி இப்படி இருந்தது:

'பஸ் நிலையத்தில் அலறி என்னை ஏற்றிவிட்டதற்கு நன்றி.'

அதற்குக் கீழே அழுத்தமாக ஒரு முற்றுப்புள்ளி, பக்கத்தில் முந்தின நாள், செவ்வாய்க்கிழமைத் தேதி.